வண்டியில் இழுவை இல்லை என்கிறார் உங்கப்பா

சேகரு, நான் நல்லா இருக்கிறேன். வண்டியும் நல்லா இருக்கிறது. உங்கப்பாதான் நல்லா இல்லை. இதில் நடுவில் சொன்னதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார், அதற்குத்தான் இந்தக் கடுதாசி. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே கட் பண்ணிவிடுகிறாய். கடுதாசியைக் கட் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிக்கிறதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. அஞ்சாவதோடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். எதிர்வூட்டு மஞ்சு இதைப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அனுப்புவதற்கு முன்னால் அவளும் படிப்பாள், அவள் மாமியாருக்கும் படித்துக் காட்டுவாள். காட்டட்டும். வடக்கனந்தலில் இப்போது இதைப் பற்றிப் பேசாத வாய் எது இருக்கிறது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கம்மி. அப்பாவோட வலது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் முட்டியும் சேர்ந்து போகும், அதற்கும் மேலே என்றால் ஆளே போய்விடும் என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். உங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். கடைசியில் ஒன்று சொன்னார். நீ வர வேண்டும், நம்ம வண்டியில் முழு லோடு ஏற்றி, அணையில் இருந்து கரியாலூர் வரைக்கும் மலையில் நீ ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். வண்டி திணறாமல் ஏறினால் பழுது காலில்தான், கையெழுத்துப் போடுகிறேன். திணறினால் பழுது வண்டியில், அப்புறம் காலைப் பற்றி எவனும் பேசக்கூடாது. இதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். நீ "என்னால முடியாதும்மா" என்று வைத்துவிட்டாய். ஏன் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லு.

அந்த ஜீப்பு வண்டி நீ பால் பல் விழுந்து பொக்கையாகத் திரிந்த காலத்தில் வாங்கினது. வாங்கும்போதே பழசு. அதன் மீட்டரு சுற்றிச் சுற்றிச் சலித்துப் போய் எப்போதோ நின்றுவிட்டது, அதற்கப்புறம் எத்தனை தூரம் ஓடியது என்று அந்த வண்டிக்கே தெரியாது. கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஆள், சாமை மூட்டை, மரவள்ளிக் கிழங்கு, கோழி, ஆஸ்டலுக்குப் போகிற பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம் அதில்தான். ஒரே ஒரு சட்டம், உனக்குத்தான் தெரியுமே. முன்சீட்டில் ஏறுகிறவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் சீட்டில் செருப்புக் கால் படவே கூடாது. தெரியாமல் ஒருத்தன் பட்டுவிட்டால் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் எடுப்பார். எனக்குக்கூட அத்தனை மரியாதை கொடுத்ததில்லை. நான் சமைக்கிற அடுப்பங்கரைக்குள் செருப்போடு வருகிற மனுஷன், அந்த மூன்று பெடலை மட்டும் வெறும் காலால்தான் தொடுவார்.

போன வருஷம் ஆடி கழிந்ததும் ஆரம்பித்தது. இரண்டாவது கியரில் ஏறின ஏற்றமெல்லாம் முதல் கியர் கேட்க ஆரம்பித்தது. "இழுவை இல்லமே" என்றார். பைக்குக்காரன் முந்தினான், சரி. பஸ்காரன் பின்னால் ஆரன் அடித்துத் திட்டினான், சரி. ஒரு நாள் ஆட்டுக்காரக் கிழவன் ஒருத்தன் எங்கள் பக்கத்திலேயே நடந்து வந்து, முந்திப் போய், வளைவில் நின்று பீடி பற்றவைத்துக்கினு "வாங்க வாங்க, மெதுவா வாங்க" என்று கையை ஆட்டினான். பின்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கப்பா காது சிவந்து போய்விட்டது. அன்றைக்கே வண்டியைக் கள்ளக்குறிச்சிக்கு, நம்ம ஒர்க்ஷாப்பு பாஷா பாய் கிட்டே கொண்டுபோய் விட்டார்.

பாய் பாவம், அவரும் பார்க்காத இடம் இல்லை. டேங்கை இறக்கிக் கழுவினார், துருவும் சேறும் வந்தது. டீசல் பில்டர் மாற்றினார். ஏர் பில்டரைத் தட்டினார், ஒரு பாத்தி கட்டுகிற அளவுக்கு மண் கொட்டியது. ஓடிப் பார்த்தால் அதே திணறல். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார், எங்காவது பிரேக் பிடித்துக்கினு இருக்கிறதா என்று, சும்மா சுற்றியது. கிளச்சு பிளேட்டு மாற்றினார். பம்பையும் நாசிலையும் கழற்றிச் சேலத்துக்கு அனுப்பினார். அவர் வேலை செய்கிற முறையே அதுதான், சந்தேகப்படுகிற சாமானைக் கழற்றிவிட்டு நல்ல சாமானை மாட்டிப் பார்ப்பது. மாட்டி மாட்டிப் பார்த்தார். "கரும்பொகையும் இல்ல, வெள்ளப்பொகையும் இல்ல, சூடும் ஏறல. எங்கதாங்க போவுது இழுவ?" என்று தலையைச் சொறிந்துக்கினு நின்றார்.

அதற்கு நடுவில் நீ வேறு பங்களூரில் இருந்து போனிலேயே வைத்தியம் பார்த்தாய். "யம்மா, போன ஸ்பீக்கர்ல போட்டு பானெட்டுக்குள்ள புடி" என்றாய். பிடித்தேன். "இன்னும் உள்ள." "இன்னும் உள்ள போனா பேன்ல அரபட்டு அம்மா சட்டினியா வருவேன்டா, இட்லிய ரெடி பண்ணு" என்றேன். நீ பெரிய டாக்டர் மாதிரி "உஷ்" என்றாய். "அப்பாவ நல்லா ரேஸ் பண்ணச் சொல்லு." சொன்னேன். அவர் உள்ளே உட்கார்ந்து மிதித்தார். வண்டி உறுமியது, ஆனால் தூக்கத்தில் உறுமுகிற மாதிரி. "முழுசா மிதிக்கச் சொல்லும்மா" என்றாய். "முழுசாதான் மிதிக்கிறேன், அவனுக்குக் காது அடைச்சிகினு கீதான்னு கேளு" என்றார். நீ யோசித்துவிட்டு "பம்பு வீக்காயிடுச்சு" என்றாய். நீ கேட்ட சத்தம் சரி, சொன்ன காரணமும் அந்தச் சத்தத்துக்குச் சரி. இதை நினைத்து நீ இப்போது உருகிக்கினு இருப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். பாய் பக்கத்திலேயே நின்று கண்டுபிடிக்காததை நீ போனில் எப்படிக் கண்டுபிடிப்பாய்.

பாய் ஒரு தடவை கிட்டத்தில் வந்தார். பானெட்டைத் திறந்து, பெடலில் இருந்து வருகிற கம்பியை விட்டுவிட்டு, இன்ஜின் மேலே இருக்கிற லீவரைத் தன் கையாலேயே இழுத்தார். ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது. "பாருங்க, குதுர. என் கையில குதுர, ரோட்டுக்குப் போனா கழுத. நடுவுல எவன் மாத்தி வெக்கிறான்?" என்றார். அப்படியென்றால் பெடல் கம்பிதான் தேய்ந்திருக்கும் என்று அதையும் மாற்றினார். அப்போதும் கழுதைதான். "தா, ஒரு தபா நானே ஓட்டிப் பாக்கறேன்" என்று கேட்டார். உங்கப்பா அவர் காலைப் பார்த்தார். "உன் பூட்ஸப் புழிஞ்சா ஒரு லிட்டர் ஆயில் வரும். வேணாம் பாய்." "கழட்டிட்டு உக்காரறேன்யா." "கழட்டுனா போதுமா, கழுவிக்கினு வா." பாய் சிரிக்கிற மாதிரி சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இன்னாய்யா, கோயிலா வெச்சிகினு கீற?" அதோடு விட்டுவிட்டார். எல்லாச் சாமானையும் மாற்றிப் பார்த்த மனுஷன், மாற்றிப் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான்.

அப்புறம் பொங்கலுக்கு நீ வந்தாய். அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் வேண்டா வெறுப்பாகச் சாவியைக் கொடுத்தார். காணும் பொங்கல் அன்றைக்கு நாம் மூன்று பேரும் மலைக்குப் போனோம். நீ ஷூவைக் கழற்றினாய், ஆனால் சாக்ஸோடு உட்கார்ந்தாய், அவர் அதையே முறைத்துக்கினு வந்தார். வண்டி பறந்தது. எனக்குத் தலைமயிர் காற்றில் கலைந்தது, அந்த வண்டியில் அது நடந்து எத்தனை காலம் ஆகியிருந்தது. கரியாலூர் டீக்கடையில் நம்ம லைன் டிரைவர்கள் எல்லாம் நின்றுக்கினு இருந்தார்கள். ஒருத்தர் கேட்டார், "இன்னா தம்பி, இழுவயே இல்லன்னு உங்கப்பா அழுவுறாரு, நீ ஏரோபிளேன்ல வர?" நீ டீயை உறிஞ்சிக்கினே சொன்னாய், "வண்டிக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா. டிரைவரத்தான் மாத்தணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்கு வழியாக டீ வந்தது. உங்கப்பா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டில் நடந்து போய், கீழே இறங்குகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "என் வண்டியில இனிமே அவன் காலு படக்கூடாது" என்றார். அதற்கப்புறம் உன்னோடு பேசவில்லை, நீயும் பேசவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் நான் போஸ்ட்மேன் மாதிரி இருக்கிறேன். சேகரு, நீ சொன்னது தமாஷ். ஆனால் அத்தனை மாசத்தில் அத்தனை பேர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி. சொன்ன உனக்கே அது தெரியவில்லை. நம்ம வூட்டில் எல்லாவற்றையும் சிரிப்பாகவே சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் நிஜம் வந்து நின்றபோது அதற்கும் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டோம். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவளிடம் கிண்டல் பண்ணு, பண்ணாவிட்டால் நீ என் பிள்ளை இல்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது சிரிக்காத முகத்தோடு "உனக்கு இன்னா பண்ணுது" என்று கேள்.

பங்குனி வெயிலில்தான் தெரிந்தது. வெள்ளிமலைப் பக்கத்துப் பொன்னி, பெரியம்மை ஊசி போட்ட தழும்பைக் காட்டி உன்னை அழ வைப்பாளே, அவள்தான், பேரப் பிள்ளையை மடியில் வைத்துக்கினு முன்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் நடுவில். பாதி மலை ஏறும்போது பொன்னி காலைத் தூக்கிச் சீட்டு மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். "தர இன்னா அண்ணி, தோசக்கல்லாட்டம் கீது" என்றாள். நான் எப்போதும் மூட்டை மேல் காலை வைத்துக்கினு வருகிறவள், எனக்குத் தெரியவில்லை. காலை இறக்கி வைத்தேன், சுட்டது. டிரைவர் பக்கம் நகர்த்தி வைத்தேன், வைக்கவே முடியவில்லை. அந்தப் பக்கம்தான் அடியில் சைலன்சர் பைப்பு போகிறது. உங்கப்பா குதிகாலை அந்தத் தகரத்தில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஏதோ ஆற்றில் காலை விட்டுக்கினு இருக்கிற மாதிரி ஓட்டிக்கினு வருகிறார்.

"உங்களுக்குச் சுடலியாங்க?"

"எனக்கு ஒண்ணும் சுடல. பொம்பளைங்களுக்குத்தான் எதத் தொட்டாலும் சுடும்."

வெள்ளிமலையில் எல்லாரும் இறங்கினதும் "காலை எடுங்க பாப்பம்" என்றேன். எடுத்தார். குதிகால் தோல் தகரத்திலேயே ஒட்டிக்கினு நின்றுவிட்டது. கீழே இருந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் குனிந்து பார்த்தது காலை இல்லை, தரையை. "பைப்பு அடி வாங்கியிருக்கும், அதான் சூடு" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெருப்பில் வேகிறதே தெரியாத காலுக்குப் பெடல் மட்டும் எப்படித் தெரியும். வண்டியை ஆப் பண்ணச் சொல்லிவிட்டு, அவர் காலடியில் தலையைக் கொடுத்து உட்கார்ந்தேன்.

"ஆக்சிலேட்டர மிதிங்க."

"இன்னாமே வெளையாட்டு."

"மிதிங்கன்னா."

"மிதிச்சிகினுதான் கீறேன்."

"முழுசாவா?"

"தரையோட ஒட்டிகினு கீது. போதுமா?"

பெடலுக்கும் தரைக்கும் நடுவில் என் கையை விட்டேன். மணிக்கட்டு வரைக்கும் தாராளமாக உள்ளே போனது. "பாருங்க, என் கை இங்க கீது" என்றேன். "ஐயோ எடுமே, நசுங்கிடும்" என்று காலைத் தூக்கிவிட்டார். இன்றைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்கிறார். "நீ கையை வெச்ச, நான் கால எடுத்துட்டேன், அதனாலதான் எடம் இருந்துச்சு." என் கை நசுங்கக் கூடாது என்று நினைத்த மனுஷனிடம் நான் எதைச் சொல்லி நிரூபிப்பேன்.

அதற்கு அப்புறம் இறங்க வேண்டும். அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஏற்றத்தில் மிதிக்காத கால், இறக்கத்தில் பிரேக்கை மட்டும் எப்படி மிதித்திருக்கும். கார்த்திகையில் புளியமரத்து வளைவில் கட்டைச் சுவரில் போய் முட்டினோமே, பிரேக் ஆயில் கம்மி என்று சொன்னாரே, அந்தப் பக்கம் பள்ளம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அத்தனை மாசமும் பிள்ளைகளையும் தாய்மாரையும் அந்தக் காலை நம்பித்தான் இறக்கிக்கினு வந்திருக்கிறார். அன்றைக்கு ஏற வந்தவர்களை எல்லாம் "பின்சீட்டு பூரா கோழி பேண்டு வெச்சிகீது, அடுத்த வண்டியில வாங்க" என்று பொய் சொல்லித் துரத்தினேன். நான் மட்டும் ஏறினேன். கட்டிக்கினு வந்தவள் ஆயிற்றே, எந்த வண்டியில் ஏறுவேன். மலை இறங்கும் வரைக்கும் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "இன்னாமே, இன்னிக்கு நீ ஓட்டறியா?" என்று அவர் கிண்டல் பண்ணிக்கினே வந்தார்.

புண்ணுக்கு மருந்தைப் பூசிக்கொண்டு, துணியைச் சுற்றிக்கொண்டு, அதற்கப்புறமும் ஓட்டினார். சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன், மோப்பம் பிடித்து எடுத்துவிட்டார். விரல் கறுத்து நாற்றம் வந்தபிறகுதான் பஸ்ஸில் போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சர்க்கரை. எப்போதில் இருந்து என்று தெரியவில்லை, பார்த்தால்தானே தெரியும். டாக்டரம்மா சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். பேனா முனையால் உள்ளங்காலைக் குத்தி, "தெரியுதாய்யா?" என்றாள். "தெரியுதும்மா" என்றார், கண்ணைப் பேனா மேலேயே வைத்துக்கினு. "கண்ண மூடிக்கோங்க" என்றாள். மூடினார். அவள் குத்தினாள், நகர்த்தினாள், குத்தினாள். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்த பிறகு இவர் கேட்டார், "எப்பம்மா குத்துவ?"

அவள், புண்ணில் இருந்து சிவப்பு எதுவரைக்கும் ஏறியிருக்கிறதோ அங்கே காலைச் சுற்றி நீல மையால் ஒரு கோடு போட்டாள். மறுநாள் காலையில் பார்க்கும்போது சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி வந்திருந்தது. அப்போதுதான் காலை எடுக்க வேண்டும் என்று சொன்னாள். உங்கப்பா வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "கண்ண மூடச் சொன்னா எவனுக்குமே தெரியாது. கண்ண மூடிகினா வண்டி ஓட்டறாங்க? காலு செத்துப்போச்சுன்னா இத்தினி நாளு மலைல ஓட்டினது யாரு?" எழுந்து நடந்தார். நொண்டவில்லை, அதுதான் கொடுமை. நொண்டுவதற்கு வலி வேண்டும்.

மூன்று நாளாக வீட்டில்தான் இருக்கிறார். சாயங்காலம் ஆனால் காய்ச்சல் தூக்குகிறது. நான் அழுது பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், சோறு போட மாட்டேன் என்றேன், "உன் சோத்துக்கு அது தேவலாம்" என்றார். பாய் வந்து சொன்னார், கேட்கவில்லை. பொங்கலுக்கு உங்க பிள்ளை ஓட்டினபோது ஏறியதே என்று நானே வாயை விட்டுக் கேட்டேன். "அது வெறும் வண்டி. மூணு பேரு. லோடோட ஏத்தட்டும் பாப்பம்" என்றார். அப்புறம்தான், "அவன வரச் சொல்லு. வேற எவனும் வேணாம். டிரைவர மாத்தணும்னு அவன்தானே சொன்னான். அவனே ஓட்டிக் காட்டட்டும். ஏறிச்சுன்னா வெட்டிக்கட்டும்" என்றார். உன் கால் படக்கூடாது என்று சொன்ன வாய், சேகரு. அந்த மனுஷன் எவ்வளவு தூரம் இறங்கி வந்தால் அதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பாரு.

நீ எதற்கு மாட்டேன் என்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ வண்டியை மேலே ஏற்றினால் உங்கப்பா கால் போகும். "நான் ஓட்டித்தான் போச்சுன்னு நாளைக்கு என்னையே சொல்லுவாரும்மா" என்றுதானே நினைக்கிறாய். சொல்லுவார். சாகிற வரைக்கும் சொல்லுவார், அவர் வாயோடு நான் குடித்தனம் பண்ணவில்லையா. சொல்லுகிறதற்கு அவர் இருக்க வேண்டும் என்றுதான் நான் உன்னைக் கூப்பிடுகிறேன். நீ வராவிட்டால் அவர் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை தாண்டும், அடுத்த வெள்ளிக்கிழமை வரும், நீ எப்படியும் வருவாய், மாலை வாங்கிக்கினு.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ வந்து ஓட்டும்போது, பக்கத்தில் அவர் முகத்தைப் பார்த்து மனசு இளகி, காலைக் கொஞ்சம் தளர்த்திவிடுவாய். வண்டி திணறினால் கால் மிஞ்சும் என்று அந்த நிமிஷத்தில் உனக்குத் தோன்றும். நீ இரக்கம் ஜாஸ்தி உள்ளவன், சின்ன வயசில் கோழி அறுக்கிற அன்றைக்கெல்லாம் ஓடிப் போய்ப் பக்கத்து வூட்டில் ஒளிந்துகொள்வாய், அப்புறம் குழம்பு கொதிக்கிற வாசத்துக்கு வந்துவிடுவாய். இந்த இடத்தில் அந்த இரக்கத்தை வைத்துக்கொள்ளாதே. அவருக்கும் அது தெரியும். அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார், உன் காலைத்தான் பார்த்துக்கினு வருவார்.

லோடுக்கு ஆள் சொல்லிவிட்டேன். பொன்னிக்கிட்டே சொல்லி அனுப்பினேன், எதற்கு என்றும் மறைக்கவில்லை. அவளும் அவள் ஊர்க்காரர்களும் சந்தைக்கு இறங்கி வந்து, திரும்பும்போது மூட்டையோடு நம்ம வண்டியிலேயே ஏறுவார்கள். "அண்ணன் எத்தினி வாட்டி எங்கள ஏத்திகினு போயிருக்காரு, நாங்க ஒரு வாட்டி கனமா உக்காந்துட்டுப் போறோம் அண்ணி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாய் அடியில் பைப்பைச் சரி பண்ணி, தரைக்கு ஒரு தகரமும் அடித்துக் கொடுத்துவிட்டார், உன் கால் வேகாது. நான் பின்சீட்டில் அவர்களோடு இருப்பேன். யாரும் பேச மாட்டார்கள், நானும் பேச மாட்டேன், அந்த ஒரு நாள் என் வாயைத் தைத்து வைத்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை விடியற்காலை ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்கு, நேராக வூட்டுக்கு வா. அப்பா என்று கூப்பிடு, வேறு எதுவும் சொல்ல வேண்டாம், மன்னிப்பெல்லாம் கேட்டு அவரைப் பயமுறுத்தாதே. சாவி அவர் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அவரே எடுத்துக் கொடுப்பார். காலைக் கழுவிக்கொண்டு ஏறு. மேலே போய் டீக்கடையில் நிறுத்தாதே, பொன்னி ஆட்களை இறக்கிவிட்டு அப்படியே திருப்பி ஆஸ்பத்திரிக்கு ஓட்டு. வழியில் அவர் ஏதாவது சொன்னாலும் சொல்லுவார், சொல்லாமலும் வருவார், இரண்டுக்கும் சரி என்று தலையை ஆட்டு. அணை தாண்டினதும் முதல் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். பின்னால் நாங்கள் அத்தனை பேரும் கனமாகத்தான் உட்கார்ந்திருப்போம். அவர் உன் காலையே பார்ப்பார், நீ ரோட்டைப் பாரு. ஏத்திடு, கண்ணு.